எடைக்குப் போடும் முன்

"ஒரு வருஷமாகத் தொடாத புத்தகம் வீட்டுக்குப் பாரம். எடைக்குப் போடுங்கள், வேண்டுமானால் பிடிஎஃப் இருக்கிறது" என்கிறார் நண்பர். மயிலாப்பூர் ஃப்ளாட்டில் இடத்தின் அருமை எனக்கும் தெரியும். பழைய என்ட்ரன்ஸ் கைடுகளை நானே பேப்பர்க்காரரிடம் போட்டிருக்கிறேன், துளி வருத்தமில்லை.

ஆனால் அந்த ஒரு வருஷக் கணக்கு யார் போட்டது? கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படிக் கணக்குப் பார்த்திருந்தால் இன்று தரமணியில் அவர் பெயரில் நூலகமே இருக்காது. புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் வரை சேர்த்தவர். 1992-இல் அவர் காலமான பின், சுமார் 1 லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-இல் அது சென்னையில் நூலகமானது. நண்பர் சொல்லும் பிடிஎஃப் பலவும், யாரோ எடைக்குப் போடாமல் வைத்திருந்த பிரதியிலிருந்து வந்ததுதான்.

என் வீட்டுப் பரணில், 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடரைக் கல்கி இதழிலிருந்து பாட்டி கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்த தொகுதி இருக்கிறது. கதை எந்தக் கடையிலும் கிடைக்கும். வாராவாரம் வந்த மணியத்தின் படங்கள், பின்பக்கத்தில் அகப்பட்டுக்கொண்ட விளம்பரங்கள், ஓரத்தில் பாட்டி பென்சிலால் எழுதிய பால் கணக்கு? ராமபாணம் துளைத்த ஓட்டை ஒன்று, வந்தியத்தேவன் தோளில் தொடங்கி நாற்பது பக்கம் போகிறது.

கொடுத்தே தீர வேண்டுமென்றால், நண்பரே, லஸ் பக்கம் பழைய புத்தகக்காரரிடம் கொடுங்கள். அவராவது அட்டையைத் துடைத்து, புரட்டிப் பார்த்து விலை சொல்வார். தராசைத் தேட மாட்டார்.