தோல் தப்பினால் போதுமா?

அரியலூர் மாவட்டம் விரகாலூரில் 2023 அக்டோபர் 9-ம் தேதி பட்டாசு ஆலை வெடித்து ஒன்பது பேருக்குக் குறையாமல் மாண்டுபோனார்கள். இப்படி விபத்து நடந்தால் தீப்பட்டவர்களை எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அது சரிதான். ஆனால் தோலில் கொப்புளம் இல்லாமல் தானே எழுந்து நடந்து வருகிறவனை யாரும் கவனிப்பதில்லை.

வெடித்த கணத்தில் காற்று இறுகி, ஒலியைவிட வேகமாகச் சுவர் மாதிரி புறப்படுகிறது. சதையும் எலும்பும் ஓரளவு தாங்கும். காற்று அடைந்த இடங்கள்தான் முதலில் மாட்டிக்கொள்ளும்: காது, நுரையீரல், குடல். சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு கூடுதல் அழுத்தம் வந்தாலே செவிப்பறை கிழியலாம். சைக்கிள் டியூபில் அடிக்கிற காற்றுக்கு இது கால்வாசிகூட இல்லை! ஏறக்குறைய மூன்று மடங்கானால் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் பிய்ந்து உள்ளே ரத்தம் கசியும். சாத்திய அறைக்குள் வெடித்தால் இன்னும் மோசம். அலை சுவரில் மோதித் திரும்பித் திரும்பி அடிக்கும்.

"ஒண்ணுமில்லே வைத்தியரே, காதுல கொய்ங்னு ஒரு சத்தம். ஏதாச்சும் தைலம் குடுங்க" என்பார்கள். கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி. கிழிந்த செவிப்பறைக்குள் சுக்குத் தைலமோ, பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயோ விட்டால் நடுக்காதில் இறங்கிச் சீழ் பிடிக்கலாம். சிறு கிழிசல், தண்ணீர் படாமல் இருந்தால், பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். காது நன்றாயிருக்கிறது, அதனால் நுரையீரலும் நன்றாயிருக்கும் என்ற கணக்கும் தப்பு.

மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு வலிக்கிறதா? இருமினால் ரத்தமா? வயிறு கல் மாதிரி இறுகுகிறதா? சோடா, கஷாயம் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், ஆபரேஷன் தேவைப்படலாம். 108-க்குச் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குடலில் விழுந்த ஓட்டை இரண்டு நாள் கழித்துக்கூடத் தெரியவரும்.

சித்த வைத்தியன் இப்படி எழுதலாமா என்று எங்கள் ஆட்களே கேட்பார்கள். நாடியோடு உடற்கூறும் படித்துத்தானே பட்டம் வாங்கினோம்? காயம் ஆறிய பிறகு தழும்புக்கும் வலிக்கும் எங்களிடம் வரட்டும், பார்க்கிறோம்.

ஆலை முதலாளிகளுக்கு ஒன்று. பக்கத்தில் நின்ற அத்தனை பேரையும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அன்றைய கூலியையும் பிடிக்காதீர்கள். கூலி போய்விடுமே என்றுதான் பாதிப்பேர் 'நல்லாத்தான் இருக்கேன்' என்கிறார்கள்.