அதையும் கூட்டிக்கொண்டு போங்கள்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது தீபாவளிக்கு நாள் எண்ணத் தொடங்கியிருப்பீர்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கத்து வீடுகளில் அந்த எண்ணிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பண்டிகை முடிந்த கையோடு பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை விடுவது வழக்கம். போனஸ் வந்திருக்கும், பிள்ளைகளுக்குத் துணிமணி எடுத்தாகியிருக்கும். குற்றாலமோ திருச்செந்தூரோ கொடைக்கானலோ போய்வர ஆண்டு முழுக்கக் காத்திருந்த குடும்பங்கள் வேன் பிடித்துக் கிளம்பும். அந்த வேனில் பாட்டிக்கு இடம் உண்டு, குக்கருக்கு இடம் உண்டு, வாசலில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு மட்டும் இருக்காது. "ரெண்டு நாளைக்கு அதுக்கும் கொஞ்சம் சோறு வச்சிருங்க அக்கா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

இந்த மாதம் அந்த நாய்க்காக இந்தப் பக்கத்தை ஒதுக்குகிறேன்.

நாய்க்குப் போய் இவ்வளவா என்று கேட்கிறவர்கள், நம் விருதுநகர் மாவட்டம் நாட்டுக்குக் கொடுத்தவற்றைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சு, பால்கோவா, சேவு என்று பட்டியல் போடுகிறவர்கள் விட்டுவிடுகிற இரண்டு உயிர்கள் உண்டு. ஒன்று ராஜபாளையம். பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக, வாசலில் நின்றாலே வந்தவர் ஒரு அடி பின்வாங்குவார். இன்னொன்று சிப்பிப்பாறை. ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், கரிசல் காட்டில் முயலுக்கு ஈடாக ஓடும் உடம்பு. 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்காக 4 தபால்தலைகள் வெளியிட்டது. இமயமலை மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றுடன் நம் ராஜபாளையமும் அதில் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் பக்கத்துப் பெயர்களும் வரிசையாக வந்தன.

சிப்பிப்பாறை என்றதும் நாய் வளர்ப்பவர்களுக்கு அந்த ஓட்டம் நினைவுக்கு வரும். நமக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 2020 மார்ச்சில் அங்குள்ள பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் வேலைக்குப் போன பெண்கள் திரும்பி வரவில்லை. வேட்டை நாய்க்குப் பெயர் கொடுத்த ஊரும் அதுதான், அந்தச் சாவுகளைக் கண்ட ஊரும் அதுதான். நம் மண்ணில் வெடிச் சத்தம் என்பது பண்டிகை மட்டுமல்ல என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சத்தத்துக்கு நடுங்கும் ஓர் உயிரைப் பற்றி நம்மால் அக்கறையோடு பேச முடியும் என்று நம்புகிறேன்.

பட்டாசு வேண்டாம் என்று சொல்லும் பக்கம் இதுவல்ல. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த நாளிலிருந்து, மழை பொய்த்த இந்தப் பூமிக்குச் சோறு போட்டவை தீப்பெட்டியும் பட்டாசும்தான். தீபாவளி அன்று நாலு வெடி வெடிக்காமல் எந்தச் சிவகாசிப் பிள்ளையும் வளர்வதில்லை. ஆனால் நாயின் காதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதக் காதுக்கு அதிகம் போனால் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருப்பதுகூட நம் காதை மனதில் வைத்துத்தான்.

திருத்தங்கலில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சிப்பிப்பாறை ஒன்று இருக்கிறது. ஓணான் அசைந்தால்கூட வேலியைத் தாண்டும். முன்பெல்லாம் தீபாவளி விடியலில் அது அடுப்படியில் கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் உடம்பைத் திணித்துக்கொண்டு நிற்கும். வாயோரம் எச்சில் வழியும், பின்னங்கால்கள் விடாமல் நடுங்கும். அது நின்ற இடத்தைப் பார்த்தால் சிமெண்ட் தரையில் நாலு பாதமும் ஈரமாகப் பதிந்திருக்கும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான். அந்த வீட்டுக்காரர் நல்ல யோசனை ஒன்று செய்தார். தீபாவளிக்கு முந்தின நாளே நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு மேற்கே மலையடியில் இருக்கும் மைத்துனரின் தோப்புக்குப் போய்விடுகிறார். அங்கே இரவு கேட்பது தவளைச் சத்தமும் மோட்டார் சத்தமும்தான். அடுத்த நாள் காலை நாய் வழக்கம்போல் வாலாட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றுகிறதாம். இதைக் கேட்டதிலிருந்துதான் இந்தப் பக்கத்தை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

மலை நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. சிவகாசியில் மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே நீலமாகத் தெரிகிறது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அந்த அடிவாரத்தைப் போல நடப்பதற்கு இதமான இடம் நம் பக்கத்தில் வேறு கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் சாலையில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நிழல் விரித்துக்கொண்டே கூட வரும். ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் பக்கம் போகும் சாலையும் அப்படித்தான். வத்திராயிருப்பிலிருந்து பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் இருபுறமும் வயல். எதுவுமே வேண்டாம், தண்ணீர் நிறைந்த ஒரு கண்மாய்க் கரையில் விடியற்காலை நாயோடு ஒரு நடை போதும். கொக்கைப் பார்த்து அது காதை விறைப்பதும், ஈர மண்ணை மோந்து மோந்து நகர மறுப்பதும் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. சங்கிலியோடு மட்டும் போங்கள். ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. நாம் கூப்பிடுவதும் கேட்காது, பின்னால் வரும் லாரியும் கேட்காது. வெள்ளைத் தோல் என்பதால் உச்சி வெயிலும் அதற்கு ஆகாது. எட்டு மணிக்குள் நடையை முடித்துக்கொள்வது நல்லது.

ஆனால் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வனத்துறை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நாயைக் கொண்டுபோகாதீர்கள். நான் இன்று சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

அங்கே இருப்பது 1988இல் நரை அணிலுக்காக அறிவிக்கப்பட்ட சரணாலயம். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக ஆனது. தமிழ்நாட்டில் 5ஆவது, நாட்டில் 51ஆவது காப்பகம். நம் வீட்டு நாய் அங்கே கடிக்கவோ துரத்தவோ வேண்டியதில்லை, ஓர் இடத்தில் மோந்துவிட்டு எச்சிலோ சிறுநீரோ விட்டுவந்தாலே போதும், ஆபத்து. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தன. இறந்தவற்றைப் பரிசோதித்தபோது, நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயின் கிருமி பலவற்றில் இருந்தது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் அதே கிருமியால் ஏறத்தாழ 1,000 சிங்கங்கள் போயின. நம் மலையில் புலி, சிறுத்தையோடு செந்நாயும் இருக்கிறது. அது நம் நாய்க்கு உறவுக்காரன், நம் நாயின் நோய் அதற்கும் தொற்றும். மறுபக்கமும் உண்டு. சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. யானையைப் பார்த்துக் குரைத்த நாய், பயந்ததும் எசமானைத் தேடித்தான் ஓடிவரும், யானையும் பின்னாலேயே வரும்.

சதுரகிரிக்குப் போய்வந்த பக்தர்கள் இந்த இடத்தில் ஒன்று சொல்வார்கள். தாணிப்பாறையில் கிளம்பும்போது எங்கிருந்தோ ஒரு நாய் வந்து, மலை ஏறும் வரைக்கும் முன்னால் நடந்து வழிகாட்டும், அது பைரவர் என்று நம்பிக்கை. அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். வழித்துணைக்கு நாய் வரும் என்று நம்பிய சமூகம் நாயை இழிவாக நினைத்த சமூகம் அல்ல. அதற்காக, நாமும் வீட்டு நாயைப் பிடித்துக்கொண்டு மலை ஏறலாம் என்று ஆகிவிடாது.

நாயையும் நேசித்து, காட்டையும் காப்பதைச் சுவிட்சர்லாந்து எப்படிச் செய்திருக்கிறது என்று பாருங்கள். ஆல்ப்ஸ் மலையூர்களில் நாய் குடும்பத்தோடு ரயிலேறும். பெரிய நாய்க்கு அரை டிக்கெட், கூடைக்குள் அடங்கும் குட்டி நாய்க்கு டிக்கெட்டே கிடையாது. மலையேறிவிட்டுப் பசியோடு உணவகத்துக்குள் நுழைந்தால், பல இடங்களில் நாயும் கூடவே நுழையும், மேசைக்கடியில் அதற்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வரும். பனியில் சிக்கியவர்களைக் காப்பாற்றிய செயின்ட் பெர்னார்ட் நாய்களைப் பெற்ற நாடு அது. 200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாரி என்ற நாயின் உடலைப் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நாய்ப்பாசம் உள்ள அந்த நாட்டில், 1914இல் தொடங்கிய தேசியப் பூங்காவுக்குள் நாய்க்கு அனுமதி கிடையாது. சங்கிலியில் கட்டியிருந்தாலும் கிடையாது. ஊருக்குள் கதவைத் திறந்துவிட்டு, காட்டில் கதவைச் சாத்துகிறார்கள். நாம் இரண்டையும் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். காட்டருவிக்கு நாயோடு போய்ப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் லாட்ஜில் ஓர் அறை கேட்டால் கிடைப்பதில்லை.

கொடைக்கானல் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, விடியற்காலையில் குதிரைக் கூட்டம் சேரும் முன் நாயோடு நடக்கலாம். இருட்டியபின் வேண்டாம், ஊருக்குள்ளேயே காட்டெருமை உலவுகிறது. 2024 மே மாதத்திலிருந்து வண்டிக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ரயிலில் போவதானால், ஏசி முதல் வகுப்பில் கூபேயையோ கேபினையோ முழுதாக எடுத்தால் நாயைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டுதான். அந்தக் கூண்டில் நாயை ஏற்ற எனக்கு மனம் வராது.

இனி சாப்பாடு. விருதுநகருக்கு வந்துவிட்டு எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் யார் போவார்கள்? போன மாதம் ஒரு கடையில் பார்த்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், கையில் ஒரு நாய். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "அண்ணாச்சி, உள்ள ஆளுக சாப்பிடுதாங்க, நாய கொண்டாந்தா சரிப்படாது. வேப்பமரத்தடில பெஞ்சு போட்டுத் தாரேன், அங்கன உக்காருங்க" என்றார். சொன்னபடியே பெஞ்சும் வந்தது, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நாய்க்குத் தண்ணீரும் வந்தது. சாப்பிட வந்த மற்றவர்களுக்கும் சங்கடமில்லை, நாய்க்கும் நிழல். ஒரு பெஞ்சும் ஒரு டப்பா தண்ணீரும்தான் செலவு. நெடுஞ்சாலையில் கடை வைத்திருக்கும் எல்லா அண்ணாச்சிகளும் இதைச் செய்யலாம்.

ஆனால் அந்தக் குடும்பத்துப் பையன் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து நாய்க்கு நீட்டினான். அதைத்தான் செய்யக் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சால்னாவே வெங்காயத்தில் நிற்பது. வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆகவே உலர்திராட்சை போட்ட கேசரியும் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நாம் சாப்பிடுவோம், அவ்வளவு சர்க்கரையும் பாலும் நாய்க்குத் தாங்காது. சாத்தூர் சேவின் காரத்தைச் சொல்லவே வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளியில் உப்பில்லாத சோறும் வேகவைத்த கோழிக்கறியும் கொண்டுபோங்கள். கறி இல்லாத வீடுகளில் தயிர்சோறும் அவித்த முட்டையும் போதும்.

ஊரைவிட்டுப் போக முடியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018இலிருந்து தமிழ்நாட்டில் தீபாவளி அன்று வெடிக்க அனுமதிக்கப்பட்ட நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. அந்த நேரத்தை நாம் எல்லோரும் கடைப்பிடித்தால், நாய்க்கு அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஜன்னல் சாத்திய ஓர் அறையும், கூட உட்கார ஓர் ஆளும் போதும். சிவகங்கை மாவட்டத்தில் கொல்லுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாக வெடியே வெடிப்பதில்லை. நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. நேரத்தை மட்டும்தான் கேட்கிறார்கள்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, குற்றாலம், கொடைக்கானல் பக்கங்களில் நாயோடு தங்க விடும் லாட்ஜோ, தோப்பு வீடோ, மரத்தடியில் பெஞ்சு போட்டுத்தரும் சாப்பாட்டுக் கடையோ உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஓர் அஞ்சல் அட்டையில் எழுதிப் போடுங்கள். விசாரித்துப் பார்த்து, விடுமுறைக்குள் பட்டியலாக வெளியிடுகிறோம். லாட்ஜ் நடத்துகிறவர்கள் படித்தால், கீழ்த்தளத்தில் ஓர் அறையை ஒதுக்க முடியுமா என்று யோசியுங்கள். கிளம்பும் முன் வெறிநோய்த் தடுப்பூசியும் டிஸ்டெம்பர் தடுப்பூசியும் போட்டாகிவிட்டதா என்று பாருங்கள், ஊசி அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்