கூரையை விட்டுவிட்டுக் காற்றைக் குளிர்விப்போர்

மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறைக்கு ஏ.சி. பொருத்துவதைத் தவிர வேறு வழியே இல்லை என்பது இன்று நம் நகரங்களில் மறுபேச்சற்ற உண்மையாகிவிட்டது. சித்திரை வெயிலில் அவ்வறையில் முதியவர்களும் குழந்தைகளும் படும் பாட்டை நாம் அறியாதவர்கள் அல்லர். குளிரூட்டியே கூடாது என்னும் துறவறமும் நம் கட்சியன்று. நாம் மறுப்பது வரிசையை. கூரையைத் தொடாமல் எந்திரத்தை மாட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைக்கும் வேலை.

பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும் கான்கிரீட் தளம், அச்சூட்டைச் சில மணி நேரம் தாமதித்தே கீழே இறக்குகிறது. பொழுது சாய்ந்த பின்னும் விட்டத்திலிருந்து அனல் வீசுவது இதனால்தான். குளிரூட்டியோ அறையின் காற்றைக் குளிர்விக்கிறது; தளத்தின்மேல் விழும் வெயிலை அது தடுப்பதில்லை. ஒரு டன் போதவில்லை என்று ஒன்றரை டன், அதுவும் போதாமல் இரண்டு டன். இங்கே 'டன்' என்பது எந்திரத்தின் எடையன்று. 24 மணி நேரத்தில் ஒரு டன் பனிக்கட்டி உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அகற்றும் திறன். ஒரு வெற்றுத் தளத்துக்காக நாள்தோறும் எத்தனை பனிக்கட்டியைப் பலியிடுகிறோம்!

இதைப் பழம்பெருமை பேசுவதாகக் கொள்ள வேண்டாம். ஆயினும், மரச் சட்டங்களின்மேல் செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி, உச்சியில் தட்டோடு என அமைந்த 'மெட்ராஸ் டெரஸ்', கூரையும் வெயிலோடு பேச வேண்டிய உறுப்பே என்பதை அறிந்திருந்தது. இன்று செலவைச் சுருக்க முனைவோர் பலர் முதலில் கைவைப்பது அந்தச் செங்கல் ஜல்லியிலும் தட்டோட்டிலும்தான்.

அரசுக்கும் இது தெரியாததன்று. மத்திய மின்துறை அமைச்சகம் 2018இல் வெளியிட்ட 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா', குடியிருப்புகளின் கூரை வழியே புகும் வெப்பத்துக்கு வரம்பு விதிக்கிறது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. பின் தடை எங்கே?

கூரை ஒருவருடையது, மின்கட்டணம் மற்றொருவருடையது என்பதில்தான். தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க மனம் வராத வீட்டுக்காரர், "ஏ.சி. மாட்டிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை" என்று பெருந்தன்மை காட்டுகிறார். குடியிருப்பவர் அவருடைய கூரைக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அபராதம் கட்டுகிறார். வெளியே மாட்டிய பெட்டி கக்கும் அனல், ஏ.சி. வாங்க வழியற்ற அடுத்த வீட்டாரின் சன்னலுக்குப் போய்ச் சேர்கிறது. இதையா நாம் வசதி என்று அழைக்கிறோம்?

மேல்மாடிக்கு வாடகை வாங்குவோர் கூரைக்கும் பொறுப்பேற்க வேண்டும். வெள்ளைப் பூச்சோ, தட்டோடோ, வெப்பத்தடுப்புப் பலகையோ, ஏதேனும் ஒன்று தளத்தில் ஏறிய பிறகே எத்தனை டன் என்னும் பேச்சு எழவேண்டும். குளிரூட்டி வாங்கக் கடைப்படி ஏறுமுன், மாடிப்படி ஏறிப் பார்ப்போம்.