வளையலைக் கழற்றுமுன் வண்டியைப் பாருங்கள்

அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா வாயிலில் ஒரு தாயும் மகனும் காத்திருந்தனர். மார்க்க விளக்கம் ஒன்று வேண்டும் என்றார் அந்தத் தாய். "ஹஜ்ரத், கையிலிருக்கும் இரண்டு வளையல்களை வட்டிக் கடையில் அடகு வைக்க வேண்டிய நிர்ப்பந்தம். கூடுமா?"

நிர்ப்பந்தம் யாது என வினவினேன். கணவர் விட்டுச் சென்ற பழைய பிக்கப் வண்டிதான் குடும்பத்தின் பிழைப்பு. மகன் அதில் கோத்தகிரியிலிருந்து கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குகிறார். சில நாட்களாகக் கியர் விழ மறுக்கிறதாம். கியர் பாக்ஸை இறக்கிக் கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டுமென ஒரு மெக்கானிக் கூறிவிட்டார். பெரிய செலவு.

வட்டியைப் பற்றிய விடை எனக்குத் தெரியும். ஆயினும் அதைச் சொல்லுமுன் மகனிடம் சில கேள்விகள் கேட்டேன். ஓதிக் கொடுப்பவனுக்குக் கிளட்ச் எதற்கு என்று வாசகர்கள் எண்ணக்கூடும். என் வாப்பா லாரி ஓட்டியவர். விடுமுறை நாட்களில் வண்டிக்கடியில் படுத்திருக்கும் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான்.

கிளட்சின் நோய்கள் பலவாகத் தோன்றினாலும் பெரும்பாலும் இரண்டில் அடங்கிவிடும். பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமை ஒன்று. விட வேண்டிய நேரத்தில் விடாமை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் வீண் செலவு நேருகிறது.

பிளேட் தேய்ந்த வண்டி பிடிக்காது. சுமையோடு மேடேறும்போது என்ஜின் இரையும், வேகம் கூடாது. கருகிய வாடையும் வரும். ஐயமிருப்பின், சமதரையில் முன்னே ஆளில்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுகப் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, டாப் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். நல்ல கிளட்சாயின் என்ஜின் திணறி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது என்று பொருள். ஒருமுறை பார்த்தால் போதும். மீண்டும் மீண்டும் செய்தால் இருக்கும் பிளேட்டும் கருகிவிடும். ஆனால் வழுக்கும் வண்டியெல்லாம் பிளேட் தேய்ந்த வண்டியன்று. என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட் நனைந்தாலும், பெடலில் சிறிதும் விளையாட்டு இல்லாமற் போனாலும் வழுக்கும்.

அந்த இளைஞரிடம் மேடேறும்போது இழுவை எப்படி என்று கேட்டேன். குறையேதும் இல்லை என்றார். ரிவர்ஸ் போடும்போது? கரகரவென்று அரைக்கிறது என்றார். பெடலை இரண்டு மூன்று முறை மிதித்துவிட்டுப் போட்டால்? "அப்போது விழுந்துவிடுகிறது, ஹஜ்ரத்." இந்த ஒரு விடையே எனக்குப் போதுமானதாயிருந்தது.

அவ்வண்டியின் கிளட்ச் ஆயிலால் இயங்குவது. பெடலை மிதிக்கும்போது மேலேயுள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது; அது கீழே கியர் பாக்ஸ் அருகிலுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் தண்டை நகர்த்தி, கிளட்சை விடச் செய்கிறது. நடுவில் கசிவிருந்தாலும் காற்றுப் புகுந்தாலும் தண்டு முழுத் தூரம் நகராது. கிளட்சும் முழுமையாக விடாது. பலமுறை மிதித்தால் சரியாவது இதன் அடையாளம். பிரஷர் பிளேட்டின் விரல்கள் உடைந்தாலும் கிளட்ச் விடாதுதான். ஆனால் அது பெடலை மிதிக்க மிதிக்கச் சரியாவதில்லை.

மறுநாள் பஜ்ருக்குப் பின் வாப்பாவின் பழைய தோழர் ஒருவரை அழைத்துச் சென்றேன். இளைஞர் பெடலை மிதிக்க, பெரியவர் கீழே குனிந்து பார்த்தார். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறை நனைந்திருந்தது. மேலே ஆயில் டப்பாவில் பாதிகூட இல்லை. உள் ரப்பர்களை மாற்றி, புதிய பிரேக் ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்ற அரைநாள் ஆயிற்று. கியர் பாக்ஸில் எவரும் கை வைக்கவில்லை; வளையல்களும் அந்தத் தாயின் கையிலேயே இருக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ்.

முதலில் பார்த்த மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் கூற மாட்டேன். குனிந்து பாராமல் கூறினார். தொழிலில் அமானிதம் என்பது காசில் மட்டுமன்று, கண்ணிலும் இருக்கிறது.

அங்கே ஊற்ற வேண்டியது பிரேக் ஆயில் மட்டுமே. அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் வண்டியின் பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயிண்டை உரித்துவிடும்.

ஓசையும் ஒரு சாட்சிதான். பெடலை மிதிக்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகியுங்கள். நியூட்ரலில் பெடலைத் தொடாதபோது இரைந்து, மிதித்ததும் அடங்கினால் அது கியர் பாக்ஸ் முன்பக்கப் பேரிங்காக இருக்கலாம். உண்மையாகவே கியர் பாக்ஸை இறக்க நேர்ந்தால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவதே சிக்கனம். இறக்கி ஏற்றும் கூலியை இருமுறை கொடுப்பானேன்?

புறப்படும்போது அந்த இளைஞர் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். மலையேற்றத்தில் வரிசையில் நிற்க நேர்ந்தால் பிரேக்கைத் தொடாமல் அரைக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பாராம்; இறங்கும்போது கிளட்சை மிதித்தபடியே உருள விடுவாராம். முன்னது பிளேட்டைக் கருக்கும். பின்னது என்ஜினின் பிடியை விடுவித்துச் சுமை முழுவதையும் பிரேக்கின் தலையில் போட்டுவிடும். அந்த மலைப்பாதையில் அது உயிருக்கே ஆபத்து. தாயின் முன்னிலையிலேயே கண்டித்தேன். இனிமேல் ஏறிய கியரிலேயே இறங்குவதாக வாக்களித்துச் சென்றிருக்கிறார்.