அது வேற, இது வேற

எங்கள் பங்கில் மாதம் ஒருமுறை அன்பியக் கூட்டம் நடக்கும். கத்தோலிக்கரல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பகுதியில் இருக்கும் இருபது முப்பது குடும்பங்கள் கூடி, ஜெபித்து, விவிலியம் வாசித்து, சுண்டல் சாப்பிட்டுக் கலைவதற்குப் பெயர் அன்பியம். நல்ல பெயர்தான். ஒரே சிக்கல், அன்பியங்கள் தெருவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. எங்கள் ஊரில் தெருக்களோ சாதிவாரியாகப் பிரிந்தவை. ஆக, நாங்கள் இத்தனை வருடமாக அன்பு செலுத்திப் பழகுவது எங்கள் சொந்தக்காரர்களிடம் மட்டும்தான்.

போன மாதம் 'நிபந்தனையற்ற அன்பு' பற்றிப் பேசியவர் என் பெரியப்பா. நன்றாகவே பேசினார். சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்க்கிறவர். வெள்ளம் வந்தபோது முன்பின் தெரியாதவர்களைத் தன் வீட்டு மாடியில் தங்கவைத்தவர். அவரைப் போலி என்று ஒதுக்கிவிட முடிந்தால் என் வேலை சுலபம். அவர் போலி இல்லை. ஆனால் சொந்த மகள், எனக்கு அக்கா, கல்யாணம் செய்துகொண்டபோது அவர் போகவில்லை. மாப்பிள்ளையும் எங்கள் பங்குதான். அதே கோயிலில் ஞானஸ்நானம், அதே பலிபீடத்தில் நற்கருணை. வீடு மட்டும் கீழத்தெரு.

"உதவி செய்யது வேற, சம்பந்தம் வைக்கது வேறல்லா" என்றார்.

நிபந்தனை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நம்முடைய அன்பு மேலிருந்து கீழே வழிகிற வரைக்கும் அதற்கு அளவே கிடையாது. அரிசி கொடுப்போம், ஃபீஸ் கட்டுவோம், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண்விழிப்போம். ஆனால் சமமாக உட்கார வேண்டும் என்று வந்துவிட்டால் முடிந்தது.

இது இன்றைய நோயும் இல்லை. வடக்கன்குளத்தில் 1872-இல் ஒரு கோயில் கட்டினார்கள். இரண்டு தனித்தனி மண்டபங்கள், இரண்டும் வந்து சேருமிடத்தில் ஒரே பலிபீடம். வெள்ளாளர்கள் ஒரு பக்கம், நாடார்கள் மறுபக்கம். ஒரே பூசையைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க வேண்டாம். 1910-இல் ஆயர் அந்தத் தடுப்பை இடித்தபோது, அது திரும்ப வேண்டும் என்று வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஆண்டவரிடம் கேட்க முடியாததை கோர்ட்டில் கேட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளைத் திருச்சபை கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. நியாயமான கோரிக்கை, நானும் கறுப்புப் பட்டை கட்டியிருக்கிறேன். டெல்லியிடம் "மதம் மாறினாலும் சாதி போகவில்லை" என்று சொல்கிறோம். ஊருக்குள் யாராவது அதையே கேட்டால், "நம்மள்ல ஏது சாதி?" என்கிறோம். எந்த வாய் பொய் சொல்கிறது?

நல்ல சமாரியன் கதையை நாம் எப்போதும் உதவி செய்கிறவனின் இடத்தில் நின்றுதான் கேட்கிறோம். இயேசு அதை யாரிடம் சொன்னார் என்று யோசியுங்கள். சமாரியர்களை அருவருத்த யூதர்களிடம். அடிபட்டுக் கிடந்தவனைக் கோயில்காரர்கள் இரண்டு பேர் கடந்து போய்விட, இவர்கள் தொடக்கூடாது என்று நினைத்தவனின் கை அவன் காயத்தைக் கட்டுகிறது. தாழ்ந்தவனுக்கு உதவு என்று மட்டுமா சொல்கிறது அந்தக் கதை? தாழ்ந்தவன் என்று நீ நினைக்கிறவன் கையால் பிழைத்துக்கொள்ளச் சம்மதமா என்றும் கேட்கிறது. பெரியப்பாவால் கீழத்தெருவுக்குக் கொடுக்க முடியும். அங்கே போய் ஒரு வாய்ச் சோறு வாங்கித் தின்ன முடியாது.

"அன்புன்னா பொறுத்துப் போறதுதான, ஏன் சண்டை இழுக்க?" என்று கேட்பார்கள். யார் பொறுத்துப் போக வேண்டும் என்பதை எப்போதும் பொறுக்காதவர்களே முடிவு செய்கிறார்கள். பெரியப்பா மேல் எனக்கு அன்பு இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். அன்புக்கு நிபந்தனை இல்லை என்றால், அன்பு வைத்தவரின் தப்பைக் கேட்கக்கூடாது என்ற நிபந்தனையும் இருக்க முடியாது.

உத்தமன் வேஷம் எனக்கும் பொருந்தாது. அந்தக் கல்யாணத்துக்கு நானும் போகவில்லை. வாட்ஸப்பில் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினேன். அக்கா 'நன்றி தம்பி' என்று பதில் போட்டாள். அதற்குமேல் ஒரு எழுத்து இல்லை.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து சுண்டல் கை மாறும்போது கேட்டேன். "அடுத்த மாசக் கூட்டத்த அக்கா வீட்ல வைப்பமா?" பெரியப்பா தலை தூக்கவில்லை. செயலாளர் மாமாதான் பதில் சொன்னார்.

"அது வேற அன்பியம்லா, மாப்ளே."

அந்த வேற அன்பியத்துக்கு வரலாமா என்று நேற்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. காத்திருக்க வேண்டியவன் இந்த முறை நான்தான்.