கப்பலில் வரும் காசும் எங்கள் ஊர்த் தறியும்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவன்

கடல் கடந்து சென்று பொருள் ஈட்டும்படி முன்னோர் நமக்குச் சொல்லிச் சென்றனர். இன்றோ பொருளுடையோர் கடல் கடந்து நம் துறைமுகங்களுக்கு வருகின்றனர். சென்னைக்கும் கொச்சிக்கும் வெளிநாட்டு உல்லாசக் கப்பல்கள் வருவது புதிதன்று. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்தே ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 2023இல் அது இலங்கையின் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் சென்றது. இப்படிக் கரையில் இறங்கும் பயணியின் பணப்பையைத் திறப்பது எது? ஆரணித் தறிக்கும் கப்பலுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். உறவு உண்டு என்பதே என் கருத்து.

என் தாய்மாமன் சென்னையில் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். கப்பல் வரும் நாள்களில் பயணிகளை மாமல்லபுரம் அழைத்துச் செல்வார். "அவங்க கையில பணம் இல்லாம இல்ல மாப்ளே, நேரந்தான் இல்ல" என்பார். காலையில் வந்த கப்பல் மாலையில் கிளம்பிவிடும். மாமல்லபுரம் போய்வரவே மூன்று மணி நேரம் ஆகிவிடும். கோயிலும் சிற்பமும் பார்த்தபின் கடைக்கு எஞ்சுவது அரைமணிதான். உணவுக்கும் படுக்கைக்கும் கப்பலிலேயே முன்னதாகப் பணம் கட்டியிருப்பதால் ஓட்டலுக்கும் விடுதிக்கும் அவர்களால் பெரிய வரும்படி இல்லை. ஆக, முதற் காரணம் நேரம்.

இரண்டாவது காரணம் வழிகாட்டுபவர். கரீபியன் தீவுகளில் எந்தக் கடையில் வாங்கலாம் என்பதைக் கப்பலிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பரிந்துரைக்குக் கடைக்காரர்கள் பணம் தருகிறார்கள். பஹாமாஸ் நாட்டில் கோகோ கே என்னும் தீவைக் கப்பல் நிறுவனமே தன் வசம் வைத்துக்கொண்டு, 2019இல் புதுப்பித்துத் திறந்தது. அங்கே கரையில் செலவாகும் காசும் கப்பலுக்கே திரும்புகிறது. நம் ஊரிலும் வேன் எந்தக் கடை வாசலில் நிற்கிறதோ அந்தக் கடைக்கே வியாபாரம். கமிஷன் யார் தலையில் விடியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது காரணமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அது, பொருள் உருவாவதைக் கண்ணால் காண்பது. மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்டதும் பயணிகள் நின்றுவிடுவார்களாம். கல் சிலையாவதைக் கண்டவர் அதிகம் பேரம் பேசுவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டவரே பாதி விலைக்குக் கேட்கிறார் என்று மாமா சொல்கிறார்.

சென்ற ஆண்டு மருத்துவம் பார்க்க அப்பாவுடன் சென்னை சென்றிருந்தேன். ஒரு ஜவுளிக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய சேலையைக் கண்டு அப்பா நின்றுவிட்டார். "இது நம்ம ஊரு சேலைடா. கரையைப் பாத்தாலே தெரியுது" என்றார். சீட்டில் ஆங்கிலத்தில் 'காஞ்சிபுரம்' என்றிருந்தது. அதை நான்தான் படித்துச் சொன்னேன். விலையையும் சொன்னேன். அம்மா தார் சுற்ற, அப்பா பல நாள் குழியில் கால் வைத்து நெய்தால் கிடைக்கும் கூலியை அவர் மனத்தில் கணக்கிட்டிருப்பார். ஒன்றும் பேசவில்லை. பேருந்து ஏறும்வரை பேசவில்லை.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சட்டத்தில் இருக்கும் பெயர் கடையில் இல்லை. ஒரு பகல் மட்டும் தங்கும் கப்பல் பயணி ஆரணி வரை வரமாட்டார். ஆனால் ஆரணித் தறி ஒன்று துறைமுகத்துக்குப் போகலாமே! பயணிகள் இறங்கும் கூடத்தில் ஒரு நெசவாளி அமர்ந்து நெய்யட்டும். சேலை உடுத்தத் தெரியாதவருக்குத் தோளில் போடும் பட்டுத் துண்டு இருக்கட்டும். அதில் ஆரணி என்ற பெயரும் நெய்தவர் பெயரும் இருக்கட்டும்.

என்றோ வரும் கப்பலால் ஓர் ஊர் பிழைக்குமா என்று கேட்பீர்கள். பிழைக்காது. ஆனால் கப்பல் கற்பிக்கும் பாடம் பேருந்துக்கும் பொருந்தும். பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்குத் திருவண்ணாமலையில் மக்கள் கடலெனத் திரள்கின்றனர். அவர்களுக்கும் நேரம் குறைவு. காட்டுவதற்கும் ஆள் இல்லை. அதே மாவட்டத்தில், இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு பட்டு நகரம் இருப்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்? அங்கே வைக்கலாமே முதல் தறியை!

மாணவ நண்பர்களே, எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் படிப்பு அப்பாவுக்கு இதுவரை செய்த உதவி, ஒரு பொய்ச் சீட்டைப் படித்துக் காட்டியது மட்டுமே. உண்மையான சீட்டை எழுதி ஒட்டும் நாளும் வர வேண்டும். அதற்குப் படித்த நாம்தான் கை கொடுக்க வேண்டும்.