காற்றை மட்டும் கேட்காதீர்கள்

மாரி இருட்டிக்கொண்டு வந்தால் எங்கள் உம்மா இன்றும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எழுபத்தெட்டு மாதிரியா மனே?" 1978 நவம்பர் 23 இரவு கிழக்குக் கரையை அடித்த அந்தச் சூறாவளியில் ஏறத்தாழ 900 பேர் இறந்தனர். மட்டக்களப்புத் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி சாய்ந்தது. அன்றிலிருந்து நமக்கு அதுவே அளவுகோல். அந்த அளவுகோல்தான் நம்மை ஏமாற்றுகிறது.

வானிலையாளர் சூறாவளியைக் காற்றின் வேகத்தால் தரம் பிரிப்பர். மணிக்குச் சுமார் 62 கிலோமீற்றரைத் தாண்டினால்தான் பெயர் வைப்பர். 2024 நவம்பர் 26இல் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களின் உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றபோது, அது பெயரில்லாத வெறும் தாழமுக்கம். 'பெங்கல்' என்ற பெயர் வந்தது மூன்று நாள் கழித்து. நானும் ஓதிக்கொடுப்பவன், அதைப்பற்றி இதற்குமேல் எழுதக் கை வரவில்லை. 2025இன் 'டித்வா'வும் காற்றில் எழுபத்தெட்டுக்கு ஈடில்லை. ஆனால் அதன் மழையும் மண்சரிவும் நாடெங்கும் 600க்கும் அதிகமானோரைக் கொண்டுபோயின.

ஆகவே, வானொலியில் "சூறாவளி இல்லை" என்று கேட்டவுடன் பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள். எத்தனை மில்லிமீற்றர் மழை என்று கேளுங்கள். சொறிக்கல்முனைப் பக்கமிருந்து கல்முனைக்கு வருவதென்றால் கிட்டங்கியைத் தாண்ட வேண்டும். அங்கே வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்கிறதா என்று விசாரித்த பிறகே கிதாபைக் கையில் கொடுங்கள். தவறிய பாடத்தை மறுநாள் நான் சொல்லிக்கொடுப்பேன்.